பூமாரி படத்தைக் குரூப்பில் போட்ட விவகாரம்

தாராவி,
சனிக்கிழமை.

சான்பாடாவில் எட்டாவது மாடியில் நல்ல காற்றோடும் நல்ல சிக்னலோடும் குடியிருக்கும் மதிப்பிற்குரிய மாப்பிள்ளை இசக்கிராஜ் அவர்களுக்கு, மாமா சுயம்பு ஆசிகளுடன் எழுதிக்கொள்வது.

உங்களையும் மகள் ஷர்மிளாவையும் பேரனையும் குலசாமி ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும். இங்கே உங்கள் அத்தை சௌக்கியம். நானும் சௌக்கியம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். கையெழுத்து கோணல்மாணலாகப் போனால் வித்தியாசமாக நினைக்க வேண்டாம். சங்கத்து மேசை ஆடுகிறது, ட்யூப்லைட்டும் கொஞ்ச நாளாகப் புகைமூட்டத்துக்குள் எரிகிற மாதிரி எரிகிறது. போனில் சொல்ல வேண்டியதை எதற்காக இந்த மனுஷர் கடிதமாக எழுதுகிறார் என்று நீங்கள் யோசிக்கலாம். போனில் பேசினால் பக்கத்தில் ஷர்மிளா இருப்பாள், அவள் காதுக்கு நான் உங்களைக் குறை சொல்வது போலக் கேட்கும். சங்கத்து போன் குரூப்பில் எழுதினால், என்ன எழுதியிருக்கிறேன் என்று படிக்காமலே எல்லாரும் கும்பிடு போட்டுவிடுவார்கள். ஆகவே கடிதம். மாப்பிள்ளையைக் குறை சொல்லும் வழக்கம் நம் குடும்பத்தில் கிடையாது. நடந்ததை நடந்தபடி மாமனார் ஒப்பிக்கிறார் என்று எடுத்துக்கொள்ளவும்.

சங்கம் என்ன செய்துகொண்டிருந்தது என்பது உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் நினைவுபடுத்துகிறேன். நம் தென்கரை மக்கள் நலச் சங்கம் பள்ளிக்கூடம் கட்டவில்லை, கல்யாண மண்டபம் கட்டவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்குத் துணைக்கு ஆள் அனுப்பியது, அவ்வளவுதான். பாதி ஆயுசை இங்கேயே கழித்தும் இந்தியில் விலை சொல்வதைத் தவிர வேறொன்றும் தெரியாதவர்கள் நம் சந்துகளில் நிறையப் பேர். பெரிய ஆஸ்பத்திரியில் எந்த ஜன்னலில் நிற்பது, எந்த மாடிக்கு ஏறுவது, நர்ஸ் கத்துவது நம்மையா பக்கத்து ஆளையா, அவர்களுக்கு ஒன்றும் புரியாது. சாயங்காலம் சங்க வாசலுக்கு வந்து சொல்வார்கள். பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கிற பையனைப் பார்த்து நான், “ஏலே, நாளைக்கு இந்த அம்மா கூடப் போயிட்டு வா” என்பேன். அவன் முணுமுணுப்பான், ஆனால் போவான். இதுதான் எங்கள் மொத்த நிர்வாகமும். முணுமுணுக்காமல் போன ஒரே பையன் நீங்கள். அதைப் பார்த்துத்தான் பெண் கொடுத்தேன், இதை இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. பிறகு பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் நல்ல வேலை கிடைத்து, டோம்பிவிலி, சான்பாடா என்று தூரத்துக்குக் குடிபோய்விட்டார்கள். பெஞ்சு காலியாகிவிட்டது. இப்போது அதில் பக்கத்து லாண்ட்ரிக்காரர் துணி காயப்போடுகிறார்.

அப்படி இருக்கும்போதுதான் போன பொங்கல் விழாவில் நீங்கள் சங்கத்துக்கு டேப் என்று ஒரு சிலேட்டுக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்து, சுவரில் படமும் காட்டி, தொண்டு செய்கிறவர்கள் கம்ப்யூட்டரைத் திறமையாகப் பயன்படுத்துவது எப்படி என்று ஒரு மணி நேரம் பேசினீர்கள். வட்டமும் அம்புக்குறியுமாக வந்தது. தலைவர் வானமாமலை அண்ணாச்சி, இது முடிந்ததும் சினிமா போடுவார்கள் என்று கடைசிவரை காத்திருந்தார். மற்ற எல்லாரும் கைதட்டினோம். இனி யாரும் சங்க வாசலில் வந்து நின்று கேட்க வேண்டாம், போனில் ஒரு ஃபாரம் போட்டால் போதும், துணைக்குப் போகிறவருக்குத் தானாகவே செய்தி போய்விடும் என்றீர்கள். மாப்பிள்ளை சொல்லிவிட்டார் என்பதற்காக அடுத்த நாளே வாசலில் அப்படியே போர்டு எழுதி மாட்டினேன். அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

அந்த ஃபாரம் இங்கிலீஷில் இருந்தது. சரி, யாராவது படித்துச் சொல்லட்டும் என்றால், அது ஈமெயில் முகவரி இல்லாமல் நகர மாட்டேன் என்றது. இட்லிக்காரி, அப்பளம் போடுகிறவள், தோல் பட்டறையில் இருந்து ரிட்டயர் ஆனவர், இவர்களுக்கெல்லாம் ஈமெயிலுக்கு எங்கே போவது? நம் சந்தில் காலேஜ் படிக்கும் ஷாலினி, நல்ல பிள்ளை, “தாத்தா, என் மெயிலையே போடுங்க, பரவால்ல” என்றாள். எல்லாருக்கும் அதையே போட்டோம். கம்ப்யூட்டர் என்ன நினைத்தது தெரியுமா மாப்பிள்ளை? இத்தனை பேரும் ஒரே ஷாலினி என்று நினைத்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குச் சர்க்கரை, மூட்டுத் தேய்மானம், குடலிறக்கம், இரண்டு காதிலும் கேட்காது, அத்தோடு ஏழாவது மாசம். உங்கள் பிரசவ நாள் நெருங்குகிறது என்று கம்ப்யூட்டர் அவளுக்குச் செய்தி அனுப்பியபோது, போன் அவள் அம்மா பிரபாவதி கையில் இருந்தது. பிரபாவதி சங்கத்துக்கு வந்து என்னைக் கேட்ட கேள்விகளைக் கடிதத்தில் எழுத முடியாது. ஷாலினியோ சிரித்துக்கொண்டே, “மம்மி, அதுலயே எனக்கு எழுபத்தொண்ணு வயசுன்னும் போட்டிருக்கு, அதையும் நம்பு” என்றாள். அப்புறம்தான் பிரபாவதி உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள்.

இதைப் பேசித் தீர்க்கலாம் என்று கமிட்டி கூட்டம் வைத்தோம். வீடியோவில் வையுங்கள், அவரவர் இருக்கிற இடத்திலிருந்தே சேரலாம் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். அவரவர் இருக்கிற இடத்தில் நெட் நிற்கவில்லை. சங்கத்தில்தான் நீங்கள் போட்டுக்கொடுத்த வைஃபை இருக்கிறது என்று எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு சங்கத்துக்கே வந்துவிட்டார்கள். ஒரே அறையில் முழங்காலும் முழங்காலும் முட்ட உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கிறவன் முகத்தை எல்லாரும் போனில் பார்த்தோம். ஒருவர் “வணக்கம்” என்றால் எல்லாப் போனும் வணக்கம் என்றது, அதைக் கேட்டு மற்றப் போன்கள் ஊளையிட்டன. வானமாமலை அண்ணாச்சி பதிலுக்குப் பதில் வணக்கம் சொல்லிக்கொண்டே இருந்தார். வெளியே லாண்ட்ரிக்காரர் ஓடிவந்து, “க்யா ஹுவா, ஜகடா ஹோ ரஹா ஹை க்யா?” என்று கேட்டார். சண்டை இல்லை, மீட்டிங் என்று சொல்லி அனுப்பினோம். ஒரு தீர்மானமும் நிறைவேறவில்லை. போனை எல்லாம் அணைத்துவிட்டுப் பேசலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அப்படிச் செய்தால் மாப்பிள்ளை சொன்னதை மீறியது போலாகுமே என்று சும்மா இருந்துவிட்டேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. பூமாரி சங்கதி அப்படி இல்லை. பூமாரியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். காலையில் தலையில் அலுமினியச் சட்டியோடு மாட்டுங்கா வரை நடந்து இட்லி விற்பாளே, அவள்தான். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, இட்லி வெந்ததா இல்லையா என்று ஆவியில் கையை விட்டுத் தடவிப் பார்த்து, கையெல்லாம் கொப்புளம். ஆபரேஷனுக்கு முதல் தடவை நாள் கொடுத்தபோது சங்க வாசலில் வந்து நின்றாள், பெஞ்சில் ஆள் இல்லை. தைரியமாகத் தனியாகப் போனாள். கூட்டம் தள்ளிய பக்கம் போய் வரிசையில் நின்றிருக்கிறாள். அது பல் டாக்டர் வரிசை. அவர் இந்தியில் ஏதோ கேட்டிருக்கிறார், இவள் வாய் திறந்து பதில் சொல்லப் போயிருக்கிறாள், ஒரு பல்லைப் பிடுங்கி அனுப்பிவிட்டார்கள். கண்ணுக்குப் போனவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். “அது ஆடிக்கிட்டுத்தான் கெடந்துச்சு அண்ணாச்சி, போவட்டும்” என்றாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. இரண்டாம் தடவை உங்கள் ஃபாரத்தில் போட்டோம். ஷாலினிக்கு அதே நாளில் ஏற்கெனவே மூட்டுக்கும் குடலுக்கும் போட்டிருந்ததால், ஒரே ஆளுக்கு இத்தனையா என்று கம்ப்யூட்டர் பூமாரியுடையதை நீக்கிவிட்டது. அவள் மத்தியானம் வரை சங்க வாசலில் பையோடு நின்றுவிட்டுப் போனாள். மூன்றாம் தடவை நாள் கொடுத்த டாக்டர், இதையும் விட்டால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது, அதற்குள் கண் முற்றிப்போகும் என்று சொல்லிவிட்டார்.

இந்தத் தடவை தப்பு நடக்கக் கூடாது என்று நானே டேப்பை எடுத்தேன். ஷாலினி பரீட்சைக்குப் போயிருந்தாள். அந்த டேப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம்: அதன் ஸ்க்ரீன் சரியில்லை. எழுத்தெல்லாம் பனிக்குள் நிற்கிறது. எத்தனை தடவை வேட்டியால் துடைத்தாலும் போகவில்லை. கடைக்காரன் உங்களைப் படித்தவர் என்று பார்த்து ஏமாற்றியிருக்கிறான். இப்போதெல்லாம் எல்லாப் பொருளும் அப்படித்தான் வருகிறது. கிங்ஸ் சர்க்கிளில் புதிதாக மாட்டியிருக்கும் தெருவிளக்கைச் சுற்றிக்கூட வளையம் வளையமாகத் தெரிகிறது.

நீங்கள் பொங்கலன்று சொன்னது எனக்கு மனப்பாடம். நீளமாக எழுதாதீர்கள், யாரும் படிக்க மாட்டார்கள். மனிதர் முகத்தைப் போடுங்கள், முகம்தான் மனசைத் தொடும். நாள், நேரம், இடம் மூன்றையும் முதலில் தெளிவாகப் போடுங்கள். ஒரு எழுத்து மாறாமல் அப்படியே செய்தேன். ஃபாரத்துக்காக எடுத்து டேப்பில் இருந்த பூமாரியின் படத்தை, ஏற்கெனவே அதில் தயாராகக் கிடந்த ஒரு பூ பார்டருக்குள் வைத்தேன், பார்க்க லட்சணமாக இருந்தது. கீழே, “பூமாரி. வியாழன் காலை எட்டு மணி. சங்க வாசலில் கூடவும்” என்று பெரிதாகப் போட்டேன். அதற்கும் கீழே, கண் ஆபரேஷனுக்குத் துணைக்கு ஒருவர் வேண்டும் என்ற விவரத்தைச் சின்னதாக எழுதி, குரூப்பில் போட்டேன்.

சங்கம் பிறந்ததிலிருந்து அதில் இருக்கிற எனக்கு அந்த நேரத்தில் உறைக்காமல் போன ஒன்றைச் சொல்கிறேன். நம் சங்கத்தில் ஒருவர் முகத்தைப் படமாக வைப்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். வாசல் போர்டில் போட்டோ ஒட்டினால் ஆள் போய்விட்டார், பக்கத்தில் எழுதியிருக்கிற நேரம் பிணம் எடுக்கிற நேரம். கல்யாணத்துக்குப் பத்திரிகை ஒட்டுவோம், போட்டோ ஒட்ட மாட்டோம். பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளைக்குக்கூடப் பெயர்தான் எழுதுவோம், போட்டோ வேண்டாம் என்று பெற்றவர்களே கையைப் பிடிப்பார்கள். பூ பார்டர் என்று நான் நினைத்தது, ஷாலினி போன மாசம் ஒரு அஞ்சலிக்காகச் செய்து வைத்ததாம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிகிறதாம். அந்த ஸ்க்ரீனில் எனக்கு அது எங்கே தெரிந்தது. பெரியவர்கள் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது, படம் மட்டும் பார்த்தார்கள். சின்னவர்களுக்குத் தமிழ் படிக்க வராது, அவர்களும் படம் மட்டும் பார்த்தார்கள். படிக்கத் தெரிந்தவர்களோ முதல் வரியோடு நிறுத்திக்கொண்டு கும்பிடு போட்டார்கள். வரிசையாகக் கும்பிடு வந்து விழுந்ததைப் பார்த்து, அடேயப்பா, இத்தனை பேர் துணைக்கு வருகிறார்களே, மாப்பிள்ளை மூளையே மூளை என்று உங்கள் அத்தையிடம் சொல்லிவிட்டு, பல நாள் கழித்து நிம்மதியாகப் படுத்தேன்.

வியாழன் காலை நல்ல மழை. சங்க வாசலுக்குப் போனால் சந்து கொள்ளாத கூட்டம். கடை ஷட்டர் எல்லாம் பாதி இறக்கியிருக்கிறது. ப்ளாஸ்டிக் நாற்காலி வந்து இறங்கியிருக்கிறது, தார்ப்பாய் கட்டியிருக்கிறது, ஒருவர் டீ ஊற்றிக்கொண்டிருக்கிறார். ஒரு கண் ஆபரேஷனுக்கு இவ்வளவு ஏற்பாடா என்று நானும் ஒரு டீ வாங்கிக்கொண்டேன். காட்கோபரிலிருந்துகூட சுடலைக்கண்ணன் பெரிய ரோஜா மாலையோடு வந்திருந்தான். என்னை நோக்கி வந்தான். திட்டத்தை நடத்திக் காட்டிய செயலாளர் என்று எனக்குத்தான் போடுகிறான் என நினைத்து, மறுப்பது மரியாதை இல்லையே, தலையைக் கொஞ்சம் குனிந்தேன். அவன் என்னைத் தாண்டிப் போய்க் கதவுக்கு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “எங்க கெடத்தியிருக்கு அண்ணாச்சி?” என்று கேட்டான். நான் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

அதற்குள் வானமாமலை அண்ணாச்சி மைக்கைப் பிடித்துவிட்டார். அவர் கையில் மைக் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அவர் பேச்சில் ஆளின் பெயர் கடைசியில்தான் வரும். “ஒரு பொம்பள, ஒத்தப் பொம்பள, புருஷன் போன பெறவு ஒருத்தர்கிட்டயும் கை நீட்டல. ரெண்டு பொட்டப் புள்ளைகளைப் படிக்கவச்சு, கட்டிக்குடுத்தா. பசின்னு எவன் வந்தாலும் துட்டு கேக்க மாட்டா. அப்பேர்ப்பட்ட ஒரு மனுஷி...” என்று போய்க்கொண்டிருந்தது. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். துக்கம் தாளாமல் இழுக்கிறேன் என்று என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

இந்த நேரத்தில் பூமாரி வந்தாள். வயர் கூடையில் மாற்றுச் சேலையும் ஃபைலும் வைத்து, தலைக்கு ப்ளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் வந்து நின்றிருக்கிறாள். கண் தெரியாததால் யார் யார் என்று தெரியவில்லை. டாக்ஸி ஓட்டும் நம் வேல்ராஜ் பக்கத்தில் நின்றான். “எய்யா, யாரு செத்தது?” என்று கேட்டிருக்கிறாள். வேல்ராஜ் திரும்பிப் பார்த்தவன் கையிலிருந்த டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். இவள் பேச்சைக் கேட்டுக்கொண்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்து, “பாவம், என்னய மாதிரியேல்லா கஷ்டப்பட்டிருக்கா” என்று மூக்கைச் சிந்தியிருக்கிறாள். வேல்ராஜ்தான் இதை எனக்குப் பிறகு சொன்னான். சொல்லும்போது அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அண்ணாச்சி மூச்சை இழுத்து, “அந்தப் புண்ணியவதிதான் நம்ம இட்லி பூமாரி!” என்று முடித்தார்.

“நானா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கூட்டம் திரும்பியது. ஒருத்தி வீல் என்று கத்தினாள். இன்னொருத்தி பக்கத்தில் போய் பூமாரியின் கையைக் கிள்ளிப் பார்த்தாள். சுடலைக்கண்ணன் மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான், அது அவனைவிடப் பெரிதாக இருந்தது. எனக்கு இருந்த ஒரே பயம், இதை அபசகுனம் என்று நினைத்து இவள் ஆபரேஷனே வேண்டாம் என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாதே என்பதுதான். அவள் போகவில்லை. கூட்டத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். அவளுக்கு ஒரு முகமும் தெரிந்திருக்காது, வெறும் நிறம் நிறமாகத்தான் தெரிந்திருக்கும்.

“நான் செத்தா இம்புட்டுப் பேரு வருவியளா?” என்றாள். “கண்ணு ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தடவை இதே வாசல்லதான் நின்னேன். ஒரு ஆளு வரலியே மக்கா.”

கோபமாகச் சொல்லவில்லை மாப்பிள்ளை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள்.  பிறகு ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். “சாவுன்னு சொல்லித்தான் சேட்டுகிட்ட ஆஃப் டே வாங்குனேன், ஆஸ்பத்திரின்னா குடுக்க மாட்டான்” என்றான் ஒருவன். “எனக்கு மார்க்கெட்ல சரக்கு இறங்கிக்கிட்டிருக்கு” என்றான் இன்னொருவன். போனைப் பார்த்துக்கொண்டே சிலர் நழுவினார்கள். ஷட்டர்கள் ஏறின. நாற்காலிக்காரன் நாற்காலியை அடுக்கினான். நான் இவர்களைக் குறை சொல்லவில்லை, எல்லாரும் அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். ஆனால் உண்மையைச் சொன்னால், அடுக்கிய நாற்காலியில் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் ஓடியதன் களைப்பெல்லாம் அந்த ஒரு காலையில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. கடைசியில் வேல்ராஜின் டாக்ஸியில் நானும் பூமாரியும் ஏறினோம். திருப்பி எடுத்துக்கொண்டு போக மனசில்லாமல் கொண்டுவந்த மாலைகளை எல்லாம் டாக்ஸியிலேயே போட்டுவிட்டார்கள்.

அந்த மாலைகளோடு போய் இறங்கியதும் ஆஸ்பத்திரி வாசல் செக்யூரிட்டி எழுந்து சல்யூட் அடித்தான், எலெக்ஷனில் நிற்கிறவர் என்று நினைத்திருப்பான். உள்ளே எழுதி மாட்டியிருக்கும் பலகைகள் எதுவும் படிக்கிற மாதிரி இல்லை, எல்லாம் மழையில் கரைந்தது போல இருந்தது. நான் முதலில் எலும்பு டாக்டரிடம் கொண்டுபோய் நிறுத்தினேன், பிறகு மருந்து கொடுக்கிற ஜன்னலில். “அண்ணாச்சி, பல்லுப் பக்கம் மட்டும் போயிராதீய, இன்னும் கொஞ்சந்தான் மிச்சம் இருக்கு” என்றாள் பூமாரி. ஒரு வழியாகக் கண் பிரிவு வந்து சேர்ந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. துணைக்கு வந்தவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள், போட்டேன். நான் போட்ட இடத்தைப் பார்த்துவிட்டு, ஒரு சின்ன டாக்டர் பெண் என்னையும் ஒரு கருவியில் தாடையை வைக்கச் சொன்னாள். மரியாதைக்காக வைத்தேன். அது தனிக்கதை, அதை விடுங்கள்.

ஆகவே மாப்பிள்ளை, என் பணிவான வேண்டுகோள். அடுத்த வார ஞாயிறு வந்து, அந்த டேப்பையும் வைஃபை பெட்டியையும் கையோடு எடுத்துப் போய்விடுங்கள். பேரன் விளையாடட்டும். ஃபாரத்தை மூடிவிடுங்கள், பாவம் ஷாலினி குணமாகட்டும். குரூப்பைக் கலைத்துவிடுங்கள். வாசலில் நான் மாட்டிய போர்டை நானே கழற்றிவிடுகிறேன். செயலாளர் பதவியிலிருந்தும் விலகிக்கொள்கிறேன், வானமாமலை அண்ணாச்சியிடம் சொன்னால் அதற்கும் பேசுவார் என்பதால் உங்களிடம் முதலில் சொல்கிறேன். உங்கள் நல்ல மனசில் ஒரு குறையும் இல்லை. எங்களுக்கு அது ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். எனக்கும் முடியவில்லை.

உங்கள் அப்பா அம்மாவுக்கு எங்கள் கும்பிடு. பேரனைத் தூக்கி இரண்டு கன்னத்திலும் என் சார்பில் ஒரு முத்தம். ஷர்மிளாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லவும். எட்டாம் மாடியிலிருந்து துணி உலர்த்தும்போது எட்டிப் பார்க்க வேண்டாம் என்றும் சொல்லவும். நீங்கள் எல்லாரும் நோய்நொடி இல்லாமல், எந்த ஃபாரமும் போட வேண்டிய அவசியமே வராமல், நூறு வருஷம் இருக்க வேண்டும்.

என்றும் உங்கள் நலம் நாடும் மாமா,
ப. சுயம்பு,
செயலாளர் (இந்தக் கடிதம் வரை)

பின்குறிப்பு: திங்கள் காலை. கடிதத்தை கொரியரில் போடாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். டேப்பை எடுத்துப் போக வேண்டாம். அதன் ஸ்க்ரீனில் கோளாறு இல்லை, கடைக்காரனைத் திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். ட்யூப்லைட்டும் நன்றாகத்தான் எரிகிறதாம். எனக்கு இரண்டு கண்ணிலும் பூமாரியைவிட மோசமாக முற்றியிருக்கிறது, துணைக்கு வந்தவர் கையெழுத்தை நோயாளி இடத்தில் போட்டதை வைத்து அந்த டாக்டர் பெண் கண்டுபிடித்துவிட்டாள். வருகிற வியாழன் வலது கண்ணுக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். ஷர்மிளாவிடம் சொல்ல வேண்டாம், அழுவாள். அத்தைக்கு இந்தி வராது. காலமெல்லாம் அடுத்தவருக்கு ஆள் அனுப்பிய நான் எனக்கு ஒரு ஆள் வேண்டும் என்று எந்த முகத்தோடு வாசலில் நின்று கேட்பது? உங்களிடம் கேட்கவும் கூச்சமாக இருந்தது, அதனால்தான் நாலு பக்கம் வேறு என்னென்னவோ எழுதினேன். நேற்று ஷாலினி, “தாத்தா, எழுதாதீங்க, இந்த மைக்கை அமுக்கிப் பேசுங்க, எல்லாருக்கும் புரியும்” என்று காட்டிக்கொடுத்தாள். முகம்தான் மனசைத் தொடும் என்று நீங்கள் சொன்னதை விடாமல் என் போட்டோவைப் போட்டு, துணைக்கு ஒரு ஆள் வேண்டும் என்று கீழே பேசியும் வைத்தேன். பேச்சை யாரும் திறக்கவில்லை, போட்டோவைப் பார்த்துவிட்டார்கள். இரங்கல் வந்து குவிகிறது. வானமாமலை அண்ணாச்சி அத்தைக்கு போன் போட்டு, எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்று கேட்டார். என் பேச்சைத் திறந்து கேட்டது ஒரே ஒரு ஆள், போட்டோ போட்டால் என்ன அர்த்தம் என்று அனுபவித்துத் தெரிந்துகொண்ட ஆள். எழுதப் படிக்கத் தெரியாதவள், மைக்கை அமுக்கிப் பதில் பேசியிருக்கிறாள். நீங்கள் டேப் வாங்கிக் கொடுத்த நாளிலிருந்து அதில் வந்த முதல் உருப்படியான செய்தி இதுதான், நீங்களும் கேட்க வேண்டும் என்று அப்படியே எழுதுகிறேன்: “அண்ணாச்சி, நான் பூமாரி பேசுதேன். வியாழக்கிழமை நான் வாரேன். எனக்கு ஒரு கண்ணு பளிச்சுனு தெரியுது. நான் முன்னால நடக்கேன், நீங்க பின்னால இந்தி பேசிக்கிட்டே வாங்க.”